நாற்பத்து நான்காவது சீட்டு

"‘சீட்டு எழுதினது நீங்களா இருக்கலாம் அக்கா, வரிசையா அடுக்கினது நான்தானே!’ அப்படின்னு சொன்னான் ஆசானே. இதே முற்றத்துல நின்னு, ஒரு கூச்சமும் இல்லாம சொன்னான்."

காலையிலிருந்து பரிபூரணம் இதை நான்காம் முறையாகச் சொல்கிறாள். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. அகராதிக்காரி அல்லவா, மேற்கோளில் கை வைக்க மாட்டாள்.

மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்தில் பூசை இல்லை, பிரசங்கம் இல்லை. வந்து சேர்கிறவர்களுக்கு ஆசான் ஆளுக்கு ஓர் எழுத்தைக் கொடுப்பார். அந்த எழுத்தில் தொடங்கும் சொல் ஒவ்வொன்றுக்கும் பொருள், வேர், எடுத்துக்காட்டு மூன்றையும் சீட்டில் எழுதி வைக்க வேண்டும். தவம் என்றால் அங்கே அவ்வளவுதான்.

பரிபூரணத்துக்கு வாய்த்தது ‘ப’. வந்தபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது, ஆசானுக்கு முப்பது. தன்னைவிடச் சின்னவரை ‘ஆசானே’ என்று கூப்பிட ஒரு வாரம் நாக்குக் கூசியது. அப்புறம் பழகிப்போனது. பதினோரு வருஷம் ‘ப’வோடு குடித்தனம் நடத்திவிட்டாள்.

அருந்தவம் வந்தது போன ஆவணியில். சீட்டுகளை அடுக்கிக் கட்டச் சொன்னார்கள், கட்டினான். முகப்புப் பக்கத்தை அச்சகத்துக்குக் கொண்டு போகச் சொன்னார்கள், கொண்டு போனான். அச்சாகி வந்தபோது ‘பகரத் தொகுதி ஆக்கியவர்: அருந்தவம்’ என்று இருந்தது. பரிபூரணம் என்ற பெயர் நன்றி சொன்ன இடத்தில்கூட இல்லை. சமையல்காரருக்கு நன்றி இருந்தது.

"அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்" என்றார் ஆசான். "தப்புதான்னு ஒத்துக்கிட்டான். முகப்பு அச்சேறிடுச்சு. மறுபதிப்புல மாத்திடுவோம்."

"மறுபதிப்பு எப்போ?"

"இருபது வருஷம் ஆகலாம்."

"எனக்கு எழுபத்தொன்பது. பரவாயில்லை, கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிச்சுக்கறேன்."

ஆசான் சிரிக்கவில்லை. நண்பகலுக்கு அச்சகத்து வண்டி வந்துவிடும். முகப்பு வந்த நாளிலிருந்து, பிழை பார்ப்பதாகச் சொல்லிப் பரிபூரணம் தன்னிடம் வைத்துத் திருத்தியிருந்த உள்பக்கச் சீட்டுக் கட்டுகள் அவர் முன்னால் இருந்தன. ஒரு கட்டைப் பிரித்தார்.

"பசப்பு. எடுத்துக்காட்டு: ‘அருந்தவம் பசப்பிப் பேசிக் காரியம் சாதித்தான்.’"

பரிபூரணத்துக்குக் காது சூடானது. அகராதியில் எடுத்துக்காட்டை யார் படிக்கிறார்கள்? எழுதினவரும் எலியும்தான் என்று நினைத்திருந்தாள்.

"பதுங்கு. ‘பாத்திரம் கழுவும் நேரத்தில் அருந்தவம் பதுங்கினான்.’ பாயசம். ‘அருந்தவம் ஐந்து கிண்ணம் பாயசம் குடித்தான்.’"

"அது நடந்தது, ஆசானே."

"பீற்று. புளுகு. பெருச்சாளி. பொறுக்கு: ‘பிறர் எழுதிய சீட்டை அருந்தவம் பொறுக்கினான்.’" கட்டைக் கீழே வைத்தார். "மொத்தம் எத்தனை இருக்கும்?"

"எண்ணலை."

"நான் எண்ணினேன். நாற்பத்து மூணு. அகரத்துல ஒரு தடவை வர வேண்டிய பேரு, பகரத்துல நாற்பத்து மூணு இடத்துல இருக்கு."

"வரட்டுமே! பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க தலைமுறை தலைமுறையாப் படிக்கட்டும். அருந்தவம்னா யாருன்னு தெரியட்டும்."

"தெரியுமா?"

"புளுகன்னு தெரிஞ்சா போதும். மாத்தி எழுதச் சொல்றீங்களா?"

"சொல்லலையே. இலக்கணம் சரியா இருக்கு. பொருளும் நல்லா விளங்குது."

திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பாள். இந்த மனிதர் எப்போதும் இப்படித்தான், சண்டைக்கு வந்தவளுக்குப் பாயை விரித்துப் போடுவார்.

ஆசான் கட்டிலிருந்து ஒரு சீட்டைத் தனியாக உருவினார்.

"பழிவாங்கு. பொருள்: ‘தீங்கு செய்தவருக்குத் திரும்பத் தீங்கு செய்.’ வேர்: ‘பழி என்றால் நிந்தை, வாங்கு என்றால் பெறு.’ எடுத்துக்காட்டு மட்டும் காணோமே?"

"அமையலை."

"ஏன்?"

"அந்தச் சொல்லே கோணல், ஆசானே. அடி வாங்கினான்னா அடிபட்டது அவன். திட்டு வாங்கினான்னா திட்டினது அவனைத்தான். கெட்ட பேர் வாங்கினாலும் அது அவனுக்குத்தான். பழி வாங்கினான்னா மட்டும் அடி அடுத்தவனுக்கு விழுது. எந்த ஊர் நியாயம் இது?"

"அடுத்தவனுக்கா விழுது?"

"வேலை வாங்கறவன் என்ன, வேலையா செய்யறான்? உயிரை வாங்கறவன் சாகறானா? அந்த மாதிரி இதுவும் ஒரு வழக்கு." சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எப்படியோ மடக்கியாயிற்று.

"சரி, வழக்குன்னே வெச்சுக்குவோம். நாற்பத்து மூணு சொல்லுக்கு அமைஞ்ச அருந்தவம், இந்த ஒரு சொல்லுக்கு ஏன் அமையலை?"

முயன்றுதான் பார்த்திருந்தாள். ‘அருந்தவம் பழிவாங்கினான்.’ யாரை? எதற்கு? அவன் எடுத்துக்கொண்டு போனான், அவ்வளவுதான். அவனுக்கு அவள்மேல் கோபம்கூடக் கிடையாது, ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறான். சரி என்று, ‘அருந்தவத்தை’ என்று தொடங்கினாள். செயப்படுபொருளாக அவன் கச்சிதமாக வந்து உட்கார்ந்துகொண்டான். எழுவாய் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. பேனா அங்கேயே நின்றுவிட்டது.

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"கொடுங்க, ஏதாவது ஒரு பேரைப் போட்டு எழுதிடறேன்" என்று கையை நீட்டினாள். "ராமன், சோமன், எவனோ ஒருத்தன்."

"மத்த நாற்பத்து மூணுலயும் நிஜ ஆள் இருக்கான். இதுக்கு மட்டும் கற்பனை எதுக்கு?"

அவள் நீட்டிய கை அப்படியே நின்றது. ஆசான் அதில் சீட்டை வைத்தார். சீட்டின்மேல் பேனாவை வைத்தார்.

"உங்க பேரு இந்தப் புத்தகத்துல எங்கேயுமே இல்லைன்னுதானே காலையிலேருந்து சொல்றீங்க. இந்த ஒரு வரியில இடம் இருக்கு. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கம்மா."