இறக்கை அடிக்காத பருந்து

கரும்பாறைக் காட்டில் கொற்றன் என்றொரு பருந்து இருந்தது. அடேயப்பா, அதன் பெருமை அந்தக் காட்டுக்குள் அடங்காது! தினமும் உச்சிவேளையில் பெரிய பாறைக்கு மேலே கிளம்பும். ஒரு தடவைகூட இறக்கையை அடிக்காது. விரித்தது விரித்தபடியே வட்டம் போட்டு மேகம்வரை ஏறிவிடும்.

"படபடன்னு அடிச்சுக்கிட்டுப் பறக்கிறது காக்காய்ங்க பிழைப்பு. நான் ராஜா!" என்று சொல்லித் திரியும்.

பாறைக்குக் கீழே ஒரு பெரிய குளம். அதில் ஒரு கிழட்டு முதலை. பகலெல்லாம் கரையில் வாயைப் பிளந்து படுத்துக் கிடக்கும். படுத்தே கிடந்ததில் அது ஒன்றைக் கண்டுவைத்திருந்தது. வெயில் ஏறினால் பாறை சீக்கிரம் சூடாகிவிடும். குளத்துத் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. பாறைமேல் சூடான காற்று லேசாகி மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் குளத்தின் குளிர்ந்த காற்று ஓடும். அதனால்தான் மத்தியானத்தில் பாறைக்கு மேலே மேகம் திரளும். குளத்துக்கு மேலே ஒரு பொட்டு மேகம்கூட இருக்காது.

முதலை குரலில் வெல்லத்தைத் தடவிக்கொண்டு கூப்பிட்டது. "ராஜா, கிழவனுக்கு ஒரு ஆசை! நாளைக்கு மத்தியானம் இறக்கை அடிக்காம இந்தக் குளத்தைத் தாண்டிக் காட்டுங்களேன்!"

"இது என்ன பிரமாதம்! ஒரு அடி அடிச்சாலும் என் பேர் கொற்றன் இல்லை!"

குளத்தில் நீந்திக்கொண்டிருந்த முக்குளிப்பான் என்ற சின்னப் பறவை பதறிவிட்டது. "வேண்டாம்ணே! நான் இந்தத் தண்ணியிலயே கிடக்கிறவ. மத்தியானத்துல இங்க காத்து மேலே ஏறாது, கீழே இறங்கும்!"

"முங்கத் தெரிஞ்ச நீ எனக்குப் பறக்கச் சொல்லித் தர்றியா? போ, போய் மீனைப் பிடி!"

மறுநாள் காடே கரையில் கூடிவிட்டது. கொற்றன் பாறைக்கு மேலே ஏறி, மிடுக்காகக் குளத்தின் பக்கம் திரும்பியது. பாதிக் குளம் போனதும் எதிர்க்காற்று ஜில்லென்று முகத்தில் அடித்தது. கொற்றன் இறங்க ஆரம்பித்தது. பனை உயரம், பிறகு புதர் உயரம்!

'ஐயையோ, என்னைத் தாங்குறதுக்கு ஒண்ணுமே இல்லையே!'

கீழே முதலை வாயைத் திறந்தது.

"அடிங்கண்ணே! மானம் போனா போகட்டும், இல்லேன்னா உசுரு போயிடும்!" என்று கத்தியது முக்குளிப்பான்.

அடித்தால் ராஜா பட்டம் போச்சு. அடிக்காவிட்டால் ஆளே போச்சு! கொற்றன் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு படபடவென்று அடித்தது. முதலையின் வாயில் மூன்று வால் இறகுகள்தான் சிக்கின. கொற்றன் மூச்சு வாங்க அக்கரையில் போய் விழுந்தது.

"வாங்க ராஜா, எங்க கூட்டத்துக்கு!" என்று காக்கைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

கொற்றன் முக்குளிப்பானைப் பார்த்துத் தலை தாழ்த்தியது. பிறகு காக்கைகளின் பக்கம் திரும்பியது. "சிரிங்க! இத்தனை நாளும் என்னைத் தூக்கிட்டுப் போனது பாறைச் சூட்டுல எழும்பின காத்துதான். நான் சும்மா உட்கார்ந்து சவாரி போனவன். ஆனா ஒண்ணு! இன்னைக்கு இந்தக் குளத்தைத் தாண்டினது என் சொந்த இறக்கை!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது.

யாரோ தூக்கிவிட்ட உயரத்தை உன் உயரம் என்று எண்ணாதே. நீ பாடுபட்டுக் கடந்த தூரமே உன் பெருமை.