பட்டறைக்கு ஒரு பாரந்தூக்கி

யானை தரையிலிருந்து ஒரு சாண் எழும்பிவிட்டது. வயிற்றைச் சுற்றிக் கட்டிய தோல்வாரில் தொங்கிக்கொண்டு, நிற்க இடம் தேடுவதுபோல் நான்கு கால்களையும் அசைத்தது. பதினாறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிய சக்கரத்தை மிதித்தார்கள். மாங்குறிச்சி ராஜா திருமலைக்கொழுந்து கை தட்டினார். அவர் தட்டியதால் சபையும் தட்டியது.

ஆவுடையப்பன் மட்டும் தட்டவில்லை. சபையில் அவனுக்கு வேலை என்று தனியாக ஒன்றும் கிடையாது. ராஜா கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்லுவான்.

யானையைத் தூக்கிய அந்தப் பாரந்தூக்கி தளவாய் சொக்கய்யனின் ஏற்பாடு. அரண்மனை வெண்கலப் பட்டறைக்காகச் செய்தது. அங்கே உருகிய வெண்கலத்தை மூசை என்ற மண்குடத்தோடு கம்பில் மாட்டி, இரண்டு பேர் தோளில் தூக்கிப் போய் அச்சில் ஊற்றுவார்கள். போன மாதம் இருளப்பன் என்பவனுக்குக் கால் இடறி, பாதம் வெந்துபோனது. இனி மனிதர் தோளில் மூசை ஏறாது என்று ராஜா வாக்குக் கொடுத்திருந்தார்.

ஏன் கை தட்டவில்லை என்று ராஜா கேட்டார்.

"நல்ல யந்திரம்தான் மகாராஜா. பட்டறையில் யானை வார்ப்பதாக இருந்தால் இதையே வைத்துக்கொள்ளலாம்."

"யானையைத் தூக்குகிறது குடத்தைத் தூக்காதா, ஓய்?" என்றார் தளவாய். சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். பிறகு, நாளை மத்தியானத்துக்குள் இது உதவாது என்று ஆவுடையப்பன் காட்ட வேண்டும் என்றார். காட்டாவிட்டால் பட்டறைச் சுவரை இடித்து யந்திரத்தை உள்ளே கொண்டுபோய் நிறுத்தும்வரை இருளப்பனுக்குப் பதில் அவனே கம்புக்குத் தோள் கொடுக்க வேண்டும். ஆவுடையப்பனின் தோள் அதுவரை மேல்துண்டைத் தவிர வேறெதையும் சுமந்ததில்லை.

சாயங்காலம் அவன் பட்டறைக்குப் போனான். தலைமை வார்ப்பாளர் பொன்னுலிங்க ஆசாரியிடம் வரிசையாகக் கேட்டான். மூசை எவ்வளவு எடை? இரண்டு ஆள் தூக்குகிற எடை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை? நாற்பது. உலையிலிருந்து அச்சு எவ்வளவு தூரம்? பன்னிரண்டு எட்டு. எவ்வளவு நேரத்தில் ஊற்ற வேண்டும்?

"இருபது எண்ணுவேன் அய்யா. இருபத்தொன்று ஆனால் வார்க்கிற மணி பாதிதான் வரும். மீதி மூசையிலேயே உறைந்து கிடக்கும்."

பின்னே என்னதான் வேண்டும் என்றான். சுவர் ஓரம் ஒரு தூண், அதில் சுழலுகிற ஒரு கை, இரண்டு கப்பி, ஒரு கயிறு, இவ்வளவு போதும் என்றார் ஆசாரி. தளவாயிடமும் சொல்லியிருந்தாராம். பக்கத்து நாட்டுத் தூதர் வந்தால் இதையா காட்டுவது என்று தளவாய் கேட்டாராம்.

ஆவுடையப்பன் நேராக ராஜாவிடம் போய் ஒன்றே ஒன்று கேட்டான். நாளைய மத்தியானச் சாப்பாட்டை அந்தப் பாரந்தூக்கிதான் கொண்டுவர வேண்டும். ஆசாரியும் பக்கத்தில் இருக்க வேண்டும். தளவாய்க்கு இது கௌரவமாகப் பட்டது. விடிந்ததும் யந்திரத்துக்குப் பூமாலை போட்டார்.

மாங்குறிச்சியில் எல்லாருக்கும் ஒன்று தெரியும். சோற்றில் ஆவி பறக்காவிட்டால் ராஜா இலையைத் தொடமாட்டார். அதனால் சமையற்கட்டுக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் நடுவில் இருந்த பன்னிரண்டு எட்டையும் பரிமாறுகிறவர்கள் ஓடித்தான் கடப்பார்கள்.

அன்று யாரும் ஓடவில்லை. சோற்றுப் பானையைக் கொக்கியில் மாட்டினார்கள். ஆசாரி தூணோரம் நின்று எண்ண ஆரம்பித்தார். பதினாறு பேர் சக்கரத்தில் ஏறினார்கள். கயிறு விறைத்தது. பானை எழும்பியது. சமையற்கட்டுக் கூரையைத் தாண்டியும் எழும்பியது. யந்திரத்துக்கு உயரமாகத் தூக்கத்தான் தெரியும். அதைத் திருப்ப இன்னும் எட்டுப் பேர் வடம் பிடித்தார்கள். பானை மண்டபத்தைக் கடந்து நந்தவனத்துக்கு மேலே போனது. பிறகு யோசித்ததுபோல் திரும்பி வந்தது. ராஜா இலையில் இரண்டாம் முறை தண்ணீர் தெளித்தார். ஒரு காகம் பானை விளிம்பில் உட்கார்ந்தது. அந்த உயரத்தில் அதை விரட்ட யாராலும் முடியவில்லை.

பானை இறங்கியபோது ஆசாரி அறுநூற்றுப் பதினொன்றில் இருந்தார்.

சமையற்காரர் மேற்சோற்றை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து எடுத்துப் பரிமாறினார். ஆவி இல்லை. ராஜா இலையைப் பார்த்தார். சமையற்காரரைப் பார்த்தார். சமையற்காரர் கைகூப்பியபடி தளவாயைப் பார்த்தார். தளவாய் காகத்தைப் பார்த்தார்.

"நேற்று நன்றாகத்தானே தூக்கிற்று, சொக்கய்யா?" என்றார் ராஜா.

ஆவுடையப்பன் முன்னால் வந்தான்.

"நேற்றும் இதே நேரம்தான் ஆயிற்று மகாராஜா. யானை ஆறிப்போகாது. அதனால் நமக்குத் தெரியவில்லை."

ராஜாவுக்குப் பசி. முதலில் முறைத்தார். அப்புறம் தோள் குலுங்கியது. கடைசியில் இலை முன்னால் உட்கார்ந்தபடியே கண்ணில் நீர் வரச் சிரித்தார். புதுச்சோறு வடிக்கச் சொன்னார். அது வரும்வரை அங்கேயே தீர்ப்பையும் சொல்லி முடித்தார். பெரிய யந்திரம் மலைக்கோயிலுக்குப் போகும். அங்கே கல்தூண்கள் நிறுத்த வேண்டியிருந்தது, தளவாயே பொறுப்பு. பட்டறைக்கு ஆசாரி கேட்டது. ஆவுடையப்பனுக்கு ஒரு ஜோடிப் பட்டுச் சால்வை.

பத்தாம் நாள் சபையோடு ராஜா பட்டறைக்கு வந்தார். தூண் ஓரம் நின்ற ஒருவன் கயிற்றை இழுத்தான். மூசை முழங்கால் உயரம் எழும்பியது. ஆசாரி நீளமான குறட்டால் அதைப் பிடித்துத் திருப்பினார். எண்ணிக்கை பதினான்கில் வெண்கலம் அச்சுக்குள் இறங்கிவிட்டது. பார்ப்பதற்கு அவ்வளவுதான் இருந்தது. ராஜா தலையசைத்துவிட்டு வெளியே நடந்தார். சபை பின்னால் போனது. ஆசாரி அச்சின்மேல் குனிந்திருந்தார்.

தளவாய் கடைசியாக நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். பாரந்தூக்கியின் கையை ஒரு விரலால் தள்ளினார். அது சத்தமில்லாமல் சுழன்று அச்சுப் பக்கம் போய் நின்றது. அதே விரலால் பழைய இடத்துக்கே திருப்பி வைத்துவிட்டு, வாளைச் சரிசெய்துகொண்டு, வேகமாக மற்றவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார்.