எட்டு முடிச்சு

அறுபது வயதில் சங்கரலிங்கம் பாய்ப்படகு ஓட்டப் பழகினார். தூத்துக்குடிக் கடலில் அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் ஜெனோவா. வயது இருபத்தாறு. முதல் நாளே அவளை மாஸ்டர் என்று கூப்பிட்டார். அவள் மறுக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

ஒரு ஆள் ஏறும் சின்னப் படகு அது. பாயை இறுக்கவும் தளர்த்தவும் நாலைந்து கயிறுகள். அவற்றில் முக்கியமானது, பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் அடிக்கட்டையிலிருந்து இறங்கி, படகின் நடுவிலிருக்கும் கப்பிக்குள் நுழைந்து, ஓட்டுகிறவர் கைக்கு வரும் கயிறு. அது கப்பியை விட்டு உருவிக்கொண்டு போகாமலிருக்க நுனியில், 8 என்ற எண்ணின் வடிவில் இருக்கும் எட்டு முடிச்சைப் போடுவார்கள்.

சங்கரலிங்கம் ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு முடிச்சையும் போட்டதும் அவளைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவள் பார்த்து, சரி என்பாள். பிறகுதான் அடுத்த கயிற்றைத் தொடுவார். முப்பத்தொரு வருஷம் மேலதிகாரியின் கையெழுத்து இல்லாமல் ஒரு தாளையும் நகர்த்தாத மனிதர்.

அவர் முடிச்சில் அவள் ஒருநாளும் குறை கண்டதில்லை.

ஆறாவது மாதம் வந்தது. அவரோடு பயிற்சியில் சேர்ந்தவர்கள் தனியாகப் போய்வர ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கு மனசு பொறுக்கவில்லை.

"நீங்க பாக்காம நானே கட்டிக்கிட்டுப் போற நாள் எப்ப வரும், மாஸ்டர்?"

அவள், பழகுகிறவர்களுக்குத் துணையாகத் தான் ஓட்டிவரும் மோட்டார் படகைத் துடைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் அவர் வரும்போது படகு தயாராக நின்றது. எல்லாவற்றையும் தானே கட்டிவிட்டதாகச் சொன்னாள். மாஸ்டர் கட்டியதில் பார்க்க என்ன இருக்கிறது? உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு ஏறினார். அவ்வளவு நிம்மதியாக அவர் ஒருநாளும் ஏறியதில்லை.

கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் காற்று ஓங்கி அடித்தது. படகு சாய்ந்தது. பழகியபடி கயிற்றைத் தளர்த்தினார். அது நிற்கவில்லை. கையை விட்டு, கப்பியை விட்டு உருவிக்கொண்டு போயிற்று. நுனியில் முடிச்சு இல்லை.

பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு தன் பாட்டுக்கு அலைதடுப்புப் பாறைகளை நோக்கி ஒதுங்கியது. ஜெனோவா மோட்டார் படகில் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தாள். அவர் கையைத் தூக்கிக் காட்டினார். அவளும் கையைத் தூக்கிக் காட்டினாள். பக்கத்தில் வரவில்லை.

கொஞ்ச நேரம் அவளைத் திட்டினார். பிறகு முட்டி போட்டு நகர்ந்து, ஆடிக்கொண்டிருந்த அடிக்கட்டையைப் பிடித்து இழுத்தார். அது தோளில் ஒரு இடி இடித்தது. விடவில்லை. தொங்கிய கயிற்றை எட்டிப் பிடித்துக் கப்பிக்குள் கோத்தார். முதலில் போட்ட முடிச்சு பிசகியது. அவிழ்த்து மறுபடி போட்டார். இழுத்துப் பார்த்தார், நின்றது. பாறையில் ஊர்ந்த நண்டுகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் படகைத் திருப்பினார்.

கரையில் இறங்கியதும் நேராக அவளிடம் போனார். கோபம் தணியவில்லை.

"முடிச்சுப் போட மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

"பாறையில மோதியிருந்தா?"

"அதுவரைக்கும் விட்டிருக்க மாட்டேன்."

"பின்ன எதுக்கு இப்படிச் செஞ்சீங்க?"

ஜெனோவா ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நுனிக்கு வந்ததும் கை நின்றது.

"கடல்ல வச்சு இந்த முடிச்சப் போட்டீங்களே சார்," என்றாள். "இத யார்கிட்ட காட்டிட்டுக் கரைக்கு வந்தீங்க?"