ஆண்கிளியின் கழுத்து வளையம்

அந்தக் காலத்தில் ஆண்கிளிக்கும் வெறுங்கழுத்துதான். ஊர்வன, பறப்பன, நடப்பன எல்லாம் ஒரே பேச்சுப் பேசி, ஒரே பனையடியில் கூடிக் கள் குடித்த காலம் அது. அந்தப் பனை, தேரி என்கிற செம்மணல் மேட்டின் நடுவில் நின்றது. அங்கே கடை நடத்தியவன் சுடலை என்கிற மரநாய். பாளை சீவுவதும் அவன்தான், கலயம் இறக்குவதும் அவன்தான், குடித்தவர்களுக்குள் சண்டை வந்தால் விலக்கிவிடுவதும் அவன்தான். இந்த மூன்றில் கடைசி வேலைதான் அவனைப் படாத பாடு படுத்தியது.

சண்டை எப்போதும் முதல் பட்டை யாருக்கு என்பதில்தான் ஆரம்பிக்கும். பட்டை என்பது கள் குடிக்க ஓலையை மடித்துச் செய்த குடுவை. எல்லாருக்கும் முன்னால் நான் கிளம்பினேன் என்று ஆமை சொல்வார். எல்லாருக்கும் முன்னால் நான் வந்து சேர்ந்தேன் என்று அணில் சொல்வான். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அதனால் தீர்ப்புச் சொல்ல முடியாமல் சுடலை தவித்துப் போவான்.

ஒருநாள் பொறுமை போய், கலயம் உருளாமல் இருக்க அடியில் வைத்திருந்த பிரிமணையை உருவினான். பனைநாரில் முறுக்கிய வளையம் அது. ஒரு மட்டையை மணலில் நட்டு, வளையத்தை எறிந்து மட்டையில் மாட்டுகிறவருக்கே முதல் பட்டை என்று சொல்லிவிட்டான். பிரிமணை போனதால் கலயம் சாய்ந்து கொட்டியதற்கு ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் எல்லாரும் ஆட்டத்துக்கு வந்தார்கள்.

ஆட்டம் பிடித்துப்போயிற்று. ஆனால் விதி சரிவரவில்லை. மைனா வைரவனுக்குக் குறி தப்பவே தப்பாது. அவன் எறிந்து எறிந்து மாட்டி, கலயத்தைக் காலி செய்துவிட்டுப் போனான். மற்றவர்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் சுடலை விதியைத் திருப்பிப் போட்டான். மாட்டாதவர்தான் குடிக்க வேண்டும், அதுதான் தண்டனை. மறுநாள் ஒருத்தருக்கும் மாட்டவில்லை. வைரவன் முதுகைக் காட்டி நின்று முள்வேலிப் பக்கம் எறிந்தான். காட்டிலேயே பத்திரமான இடம் அந்த மட்டையடிதான் என்று கண்டுகொண்ட ஒரு தவளை, அதில் சாய்ந்து நன்றாகத் தூங்கியது. எல்லாரும் தண்டனையை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டதில் வெயில் ஏறும் முன்பே கள் தீர்ந்துவிட்டது.

கடைசியாகத்தான் சுடலைக்கு ஒரு விதி அமைந்தது. ஆளுக்கு ஒரு பொருளைப் பந்தயமாக மணலில் வைக்க வேண்டும். எறிகிற வளையத்துக்குள் எது அகப்படுகிறதோ அது எறிந்தவருக்குச் சொந்தம், அதில் மாற்றம் கிடையாது. குறி தப்பியவருக்கு ஆறுதலாக ஒரு பட்டை கள். புதிதாக ஆட வந்தவருக்கு மரியாதையாகப் பந்தயம் இல்லாமலே முதல் எறி. இந்த விதியில் குறி உள்ளவனுக்குப் பொருள், இல்லாதவனுக்குப் போதை. யாரும் குறை சொல்லவில்லை.

குறை சொல்லாதவர்களில் முதல் ஆள் மாடக்கண்ணு என்கிற கிளி. கிளிக்கு இரண்டு கண்ணும் தலைக்கு இரண்டு பக்கம் இருப்பதால், எறியும் முன் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்ப்பான். பார்த்த பக்கம் ஒன்று, வளையம் போகிற பக்கம் வேறு. ஆனால் தன் குறியைப் பற்றி அவனுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. காற்றடித்தது என்பான், வளையம் கோணல் என்பான், வைரவன் அந்த நேரம் பார்த்து இருமினான் என்பான். சொல்லிவிட்டு ஆறுதல் பட்டையை வாங்கிக்கொள்வான். அவன் மூக்கு சிவந்தது இப்படித்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அதற்குள் போகவில்லை.

இந்த மாடக்கண்ணுவுக்கு ஒரு வீடு இருந்தது. தலை போன மொட்டைப் பனையில், மரங்கொத்தி குடைந்து விட்டுப்போன பொந்து. கிளிக்கும் மைனாவுக்கும் சொந்தமாகக் குடையத் தெரியாது, யாராவது விட்டுப்போனதைப் பிடித்தால்தான் உண்டு. அந்தத் தேரியிலேயே மழை இறங்காத பொந்து அது ஒன்றுதான். உள்ளே அவன் மனைவி பேச்சித்தாய் இன்றோ நாளையோ முட்டை இடும் நிலையில் இருந்தாள். வைரவனுக்கு அந்தப் பொந்தின் மேல் ரொம்ப நாளாக ஒரு கண்.

அன்று காலையில் மாடக்கண்ணு கொண்டுவந்த நாவல்பழம் போயிற்று. கம்பங்கதிர் போயிற்று. மனைவிக்கென்று வைத்திருந்த கொய்யாவும் போயிற்று. எல்லாம் வைரவன் வளையத்துக்குள். ஒவ்வொன்றுக்கும் ஈடாக மாடக்கண்ணு ஒரு ஆறுதல் பட்டை உள்ளே தள்ளியிருந்தான். உலகமே தன் பக்கம் இருப்பதுபோல் அவனுக்கு ஒரு தெம்பு வந்தது.

"வைக்கதுக்கு இனி என்னவே இருக்கு உம்மகிட்ட?" என்றான் வைரவன்.

"பொந்து இருக்குவே."

ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பொந்த எப்படிவே வளையத்துக்குள்ள வைப்பீரு?" என்று சுடலை கேட்டான். வேண்டாம் என்று நேராகச் சொல்லாமல் அப்படிக் கேட்டுப் பார்த்தான். போதையில் இருப்பவனிடம் கேள்வி கேட்டால் அவனுக்கு யோசனைதான் வரும், புத்தி வராது. பொந்தின் வாசலில் ஒரு மரச்சில்லைப் பெயர்த்து வருகிறேன், அது பொந்துக்குச் சமம் என்று சொல்லிவிட்டு மாடக்கண்ணு கிளம்பினான்.

கோணல்மாணலாகப் பறந்து போய்த் தன் வீட்டு வாசலைத் தானே கொறிக்க ஆரம்பித்தான். உள்ளேயிருந்து பேச்சித்தாய் எட்டிப் பார்த்தாள்.

"வாசல எதுக்குக் கொறிக்கிய?"

வாசல் குறுகலாக இருக்கிறது, அவளுக்கு இடிக்கக் கூடாதே என்று அகலப்படுத்துகிறேன் என்றான். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துச் சொன்னான். அகலப்படுத்துகிறவன் சில்லைக் கீழே போடாமல் வாயில் கவ்விக்கொண்டு பறப்பதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. கனத்த உடம்போடு பின்னாலேயே பறந்தாள்.

அவள் வந்து இறங்கியபோது சில்லு மணலில் இருந்தது. வைரவன் வளையத்தை எடுத்துக்கொண்டு, எறியத் தயாராக இறகைச் சிலிர்த்துக்கொண்டிருந்தான். நடந்ததை அணில் ஒரே மூச்சில் அவளிடம் சொல்லிவிட்டான். முட்டையை மணலிலா இட வேண்டும் என்று நினைத்தவள், நேராகச் சுடலையிடம் போனாள்.

"சுடலை அண்ணாச்சி, நானும் ஆடுதேன்," என்றாள்.

புதிதாக வந்தவளுக்குத்தான் முதல் எறி. அதுதான் விதி, வைரவன் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஒரு பெண் எறிந்து என்ன ஆகப்போகிறது என்ற தைரியத்தில் அவனே வளையத்தை எடுத்துக் கொடுத்தான். அந்த நேரம் மாடக்கண்ணு, சில்லு நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தலை குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

பேச்சித்தாய் எறிந்தாள். வளையம் சில்லுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. மேலே சுழன்று, மாடக்கண்ணுவின் தலைவழியே இறங்கிக் கழுத்தில் உட்கார்ந்தது. அவன் தடுமாறிச் செம்மணலில் உருண்டு எழுந்து, திருதிருவென்று முழித்தான். பனையடியே சிரித்தது. சுடலை இரக்கப்பட்டு ஆறுதல் பட்டையை நீட்டினான்.

அவள் அதை வாங்கவில்லை. "எனக்குக் குறி தப்பலையே. விதிய இன்னொரு மட்டம் சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி."

"வளையத்துக்குள்ள அகப்பட்டது எறிஞ்சவங்களுக்கு. அதுல மாத்தம் கிடையாது, தாயி."

"அப்போ இது எனக்கு," என்று புருஷனைக் காட்டினாள்.

தாராளமாக எடுத்துப் போங்கள் மதினி, அதற்கு யார் போட்டிக்கு வந்தது என்று வைரவன் இளித்தான். தனக்குப் பொந்து போதும் என்றான்.

"இது எனக்குன்னா, இது வச்ச சில்லும் எனக்குத்தான். அங்க கிடக்கே நாவப்பழம், அது எதையாச்சும் பந்தயம் வச்சிருக்கா? பந்தயப் பொருளு எப்படி அண்ணாச்சி பந்தயம் வைக்கும்?"

வைரவன் சிரிப்பை நிறுத்தினான். உங்கள் வளையம் விழுவதற்கு முன்னாலேயே அவர் சில்லை வைத்துவிட்டார் என்று வாதாடினான். முன்னால் வைத்தது உண்மைதான், ஆனால் முன்னால் எறிந்தது நான் என்றாள் பேச்சித்தாய். இன்னும் வளையம் விழாத பந்தயம் வைத்தவருக்குத்தானே சொந்தம், வைத்தவரே இப்போது எனக்குச் சொந்தம் என்றாள். சுடலை வாலைச் சொறிந்தான், காதைச் சொறிந்தான், கலயத்தையும் சொறிந்து பார்த்தான். அவன் போட்ட விதி அவனையே பார்த்து நின்றது. சில்லு பேச்சித்தாய்க்கே என்று சொல்லிவிட்டான்.

வைரவனுக்குக் கோபம் தலைக்கேறியது. இன்னொரு கலயத்தின் அடியிலிருந்த பிரிமணையை உருவி, "அப்போ நீங்களும் எனக்குத்தான்," என்று அவள் கழுத்தைக் குறிவைத்து எறிந்தான். குறி தப்பாத எறி. ஆனால் பேச்சித்தாய் வளையத்தை மூக்காலேயே பிடித்தாள். ஒரே கடி. பனைநார் இரண்டு துண்டாக மணலில் விழுந்தது. அந்தக் கடியைப் பார்த்த பிறகு பனையடியில் யாருக்கும் அந்தப் பொந்து தேவைப்படவில்லை.

மறுநாள் தலைவலியோடு விழித்த மாடக்கண்ணு, கழுத்தில் கிடந்ததைத் தடவிப் பார்த்து வெட்கத்தில் குன்றிப்போனான். நார் கறுத்து இறுகியிருந்தது. பிடரிப் பக்கம் தேரிமண் அப்பிச் சிவந்திருந்தது. உள்ளே அவள் முட்டையின்மேல் உட்கார்ந்திருந்தாள். பழம் ஒன்றைக் கொண்டுவந்து, வாசலில் நின்று அவள் வாயில் ஊட்டினான். ஊட்டிக்கொண்டே கேட்டான்.

"சில்லுக்கு எறிஞ்சது தப்பி என்மேல விழுந்துச்சா?"

"சில்லப் பாக்கவே இல்ல நான். பொந்து போனா எங்கயாச்சும் வேற தேடிக்கிடலாம். அடுத்தாப்புல உம்மள வச்சு ஆடியிருப்பிய. எவனாச்சும் வளையத்தப் போட்டு எடுத்துட்டுப் போயிட்டா நான் எங்க போயித் தேடுவேன்?"

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கடியால் இந்த வளையத்தையும் அறுத்துவிடேன் என்று மெல்லக் கேட்டான். முட்டை பொரியட்டும் என்றாள். பொரிந்ததும், குஞ்சு பறக்கட்டும் என்றாள். பறந்ததும், அடுத்த முட்டை வந்துவிட்டது.

அன்று முதல்தான் பெண்கிளியின் கழுத்து வெறுங்கழுத்தாக இருக்க, ஆண்கிளி மட்டும் கறுப்பும் சிவப்புமாக வளையம் போட்டுக்கொண்டு, பொந்து வாசலில் நின்று மனைவிக்கு ஊட்டுகிறது. குஞ்சாகத் திரியும்வரை அதன் கழுத்தில் ஒன்றும் இருக்காது, ஒருத்திக்குச் சொந்தமாகும் வயது வந்த பிறகுதான் வளையம் வந்து விழும்.