பதிவு இல்லை

உடுமலைக்கு மேற்கே காற்றாலைகளுக்கு நடுவில் இருக்கிறது அந்த ஆசிரமம். குரு வேலாத்தாளுக்கு நாற்பத்தைந்து வயது தாண்டாது. எல்லோருக்கும் அவர் அம்மா. சீடர் நாச்சிமுத்து அறுபதைக் கடந்தவர். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். அம்மா அவரை அண்ணா என்பார், அவர் அம்மாவை அம்மா என்பார். புதிதாகக் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வந்துவிட்டுப் போகட்டும்.

நாச்சிமுத்து கெட்டிக்காரர், பொய் சொல்லக்கூடாது. அங்கே இலவசக் கண் ஆஸ்பத்திரி நடக்கிறது. தொண்டு செய்பவர்கள் வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் போனில் ஒரு தட்டு தட்டினால் நேரம் பதிவாகிவிடும். அந்தப் பதிவுகளை ஏஐ தானாகவே போய் எடுத்துவர ஒரு கருவி செய்து கொடுத்தார். வாயால் கேட்டால் போதும். யார், எந்த வேலை, எவ்வளவு நேரம் என்று கூட்டிச் சுருக்கிச் சொல்லிவிடும். முதல் தடவை கேட்டபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அவரிடம் ஒரே ஒரு குணம். எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். கேள்வி முடிவதற்குள் வந்துவிடும்.

ஆனி மாதம் கண் சிகிச்சை முகாம்களுக்காக அம்மா மலைக் கிராமங்களுக்குப் புறப்பட்டார். திரும்ப இரண்டு மாதமாகும். தினமும் காலையில் ஜனங்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லி யோசனை கேட்க வருவார்கள். அதுவரை அம்மாவின் நாற்காலியில் யார் உட்காருவது? நாச்சிமுத்துவா, பழைய நர்ஸ் மரகதமா என்று எங்களுக்குள் பேச்சு. மரகதம் வாய் திறப்பதே அபூர்வம்.

நாச்சிமுத்துவுக்கு அந்த இடத்தின்மேல் கொள்ளை ஆசை. புறப்படும் நாள் காலையில் போனும் கையுமாக வந்து நின்றார். தான் எதுவும் சொல்லப்போவதில்லை, கணக்கே சொல்லட்டும் என்றார். ஏஐ சொன்னது. நாச்சிமுத்துவின் நேரம்தான் எல்லோரையும்விட அதிகம். மரகதம் அதில் பாதிகூட இல்லை.

அம்மா முழுக்கக் கேட்டு, எத்தனை அழகாகச் சொல்கிறது என்று மெச்சினார். பிறகு கேட்டார்.

"செவ்வாய்க்கெழமை மரகதம் என்னண்ணா பண்ணிட்டிருந்தா?"

"சும்மாதானுங்க இருந்தாங்க."

"பாத்தீங்களா?"

"பாக்கலீங்க. பதிவே இல்லையே. அப்ப சும்மா இருந்தாங்கன்னுதானுங்களே அர்த்தம்?"

அம்மா போனை வாங்கி அதே கேள்வியை அதனிடம் கேட்டார். அது கருவியை அனுப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது.

"செவ்வாய்க்கிழமை மரகதத்தின் பெயரில் பதிவு இல்லை. அவர் வேலை செய்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது."

சரி, வேலை செய்யவில்லை என்று போட்டுக்கொள்ளலாமா என்று அம்மா கொஞ்சம் அதட்டியே கேட்டுப் பார்த்தார். அப்படிப் போடுவதற்குத் தன்னிடம் ஆதாரம் இல்லை என்றது அது. அசையவே இல்லை.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இதைப் பண்ணுனது நீங்கதானேண்ணா?"

"ஆமாங்க."

"ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க. நான் உங்களையும் கேட்டேன், இதையும் கேட்டேன். உங்க ரெண்டு பேர்ல யாரை அந்த நாற்காலியில உக்கார வெக்கட்டும்?"

நாச்சிமுத்துவின் முகம் சுண்டிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. மரகதமே உட்காரட்டும் என்று முணுமுணுத்துவிட்டுப் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் உள்ளே வந்தாள். புருஷன் லாரி டிரைவர். சண்டை போட்டுக்கொண்டு போனவன். வாரக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அவர் திரும்பி வருவாரா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

அம்மா நாச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்.

ஆடி பிறப்பதற்குள் வந்துவிடுவார், கவலைப்படாதே: இதைத்தான் நாச்சிமுத்து சொல்வார் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"தெரியலம்மா," என்றார் அவளிடம். "கடைசியா எங்கிருந்து பேசுனாருன்னு சொல்லு. விசாரிச்சுப் பாப்போம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதுவரை கேட்ட இடமெல்லாம் வந்துவிடுவார், வந்துவிடுவார் என்றே சொன்னார்களாம். அந்தச் சொல்லே வெறுத்துவிட்டதாம். கீழே உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். நாச்சிமுத்துவும் பக்கத்தில் தரையில் உட்காரப் போனார்.

அம்மா எழுந்து பையைத் தோளில் மாட்டினார். தன் நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்தினார்.

நாச்சிமுத்து பதறிப்போனார். "எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே அம்மா."

"அதுக்குத்தான் சொல்றேன்," என்றார் அம்மா. "உக்காருங்கண்ணா."