பூஜ்யம் கிலோமீட்டர் அண்டா

மேலச்சடையன்குளத்தில் பாத்திரக் கமிட்டி என்று ஒன்று உண்டு. ஆள் நாலு, அண்டா ஒன்று, வாளி ஆறு, கரண்டி ஒன்பது. ஒரு கரண்டிக்குக் காம்பு கிடையாது என்பதால் நோட்டில் எட்டரை என்று எழுதியிருந்தார்கள்.

தலைவர் சொர்ணவேல். மற்ற மூவர் தளவாய், மாடக்கண்ணு, இசக்கியப்பன். ஊரில் என்ன விசேஷம் என்றாலும் அந்த அண்டாவில்தான் சாம்பார் கொதிக்கும். நானூறு பேருக்குக் காணும்.

அந்த அண்டாவின் அடியில் ஓட்டை விழுந்தது. விழுந்த நாளிலிருந்து எண்ணினால் பன்னிரண்டாம் நாள் சொர்ணவேலின் மகள் முப்பிடாதிக்குக் கல்யாணம்.

சாம்பார் இல்லாத பந்தியைச் சொர்ணவேல் நினைத்துப் பார்க்கவும் துணியவில்லை. மாப்பிள்ளையின் அப்பா வைகுண்டம் அப்படிப்பட்ட மனிதர். இலையில் சோறு விழுந்து, பத்து எண்ணுவதற்குள் சாம்பார் வரவில்லை என்றால் எழுந்து போய்விடுவார். இதுவரை இரண்டு கல்யாணப் பந்தியில் எழுந்து போயிருக்கிறார். அதில் ஒன்று அவருடைய சொந்தக் கல்யாணம்.

கமிட்டி கூடியது. ஓட்டை அண்டாவை விற்று, வேறு அண்டா வாங்குவது என்று ஒரே மனதாக முடிவாயிற்று. ஊருக்குள் விற்க வழியில்லை. ஓட்டை எல்லோருக்கும் தெரியும். அதனால் நாலு பேரும் மொபைல் கடை ஜெபசெல்வியிடம் போனார்கள். அவள் நாலு போனிலும் ஒரு ஏல வெப்சைட்டை ஏற்றிக் கொடுத்து, நல்லது கெட்டது இரண்டையும் சொன்னாள்.

"நல்லது என்னன்னா, உக்காந்த இடத்துல ஊரு உலகமே வந்து விலை கேக்கும். கெட்டது என்னன்னா, விக்கிறவன் மூஞ்சியும் தெரியாது, கேக்கிறவன் மூஞ்சியும் தெரியாது. பொருளத் தட்டிப் பாக்க முடியாது. எழுதியிருக்கிறத நம்பித்தான் வாங்கணும். அதுல என்ன சொல்லியிருக்கோ அதன்படியே செய்யுங்க அண்ணாச்சி, ஒண்ணையும் விட்டுராதீங்க."

ஒன்றையும் விடுவதில்லை என்று நால்வரும் அவளிடமே சத்தியம் செய்துவிட்டு வந்தார்கள்.

சமுதாயக் கூடத்துக்குப் பின்னால் பாத்திர அறை. அங்கே அண்டாவை நடுவில் வைத்துக்கொண்டு சொர்ணவேல் போனைப் படித்தார். பொருளை நான்கு பக்கமும் படம் எடுக்கவும் என்று முதலில் போட்டிருந்தது.

தளவாய் அண்டாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இதுக்கு ஏதுவே நாலு பக்கம்? ஒரே பக்கந்தான் இருக்கு. அதுவும் முடியாமச் சுத்திக்கிட்டே வருது."

"நாலு பக்கம் இல்லாத பொருளு விக்கக்கூடாதுன்னு சட்டமா இருக்கும்" என்றார் மாடக்கண்ணு.

நால்வரும் அண்டாவை உருட்டி உருட்டிப் பக்கம் தேடினார்கள். பிறகு இசக்கியப்பன் ஒரு சாக்குக்கட்டி கொண்டுவந்து, அண்டாவில் மேலிருந்து கீழாக நாலு கோடு இழுத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண் போட்டார். அண்டாவுக்குப் பக்கம் வந்தது. படம் எடுத்தார்கள்.

அடுத்து, குறைகளை மறைக்காமல் எழுதவும் என்றது ஏலத் தளம். கடுகளவு ஓட்டை என்று எழுதப் போன சொர்ணவேலுக்குக் கை ஓடவில்லை. எந்தக் கடுகு? வீட்டிலிருந்து ஒரு சிட்டிகை கடுகு வரவழைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். அறுபத்திரண்டு கடுகு இறங்கியது, ஐந்து சிக்கியது. "அடியில் ஓட்டை ஒன்று. சின்னக் கடுகு போகும். பெரிய கடுகு போகாது" என்று எழுதினார் சொர்ணவேல்.

பொருளைத் தட்டிப் பார்க்க முடியாது என்ற குறையை மாடக்கண்ணு தீர்த்து வைத்தார். தினம் காலை பத்து மணிக்குப் போனை அண்டாவுக்குள் காட்டி மூன்று தட்டுத் தட்டினார்.

இரண்டாம் நாள் போனில் ஒரு வரி வந்தது. "இந்தப் பொருளை இப்போது 11 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்."

சொர்ணவேல் அறையைச் சுற்றிப் பார்த்தார். தன்னையும் சேர்த்து நாலு பேர். இரண்டு தடவை எண்ணியும் நாலுதான்.

"அப்போ மிச்சம் ஏழு பேரு எங்க நிக்கான்?" என்றார்.

கூடத்தைச் சுற்றித் தேடினார்கள். கிணற்றடி, வைக்கோல் படப்பு, வேப்ப மரம் ஒன்றும் பாக்கி இல்லை. ஒருவரும் அகப்படவில்லை. ஒளிந்து நின்றாலும் வாங்க வந்தவர்கள் என்று சொல்லி, தளவாய் ஏழு டீ வாங்கிவந்து சுவர் ஓரமாக வைத்தார். மத்தியானம் வரை டீ அப்படியே இருந்தது. வந்திருப்பவர்கள் சர்க்கரை வியாதிக்காரர்கள் என்று முடிவு செய்து, மறுநாள் சீனி போடாமல் வைத்தார்கள்.

விற்பனைக்கு வைக்கும் வேலை முடிந்தது. இனி வாங்க வேண்டும். சொர்ணவேல் போனில் விற்பனை ஓடிக்கொண்டிருந்ததால் மற்ற மூவரும் ஆளுக்கொரு போனில் அண்டா தேடினார்கள். மூன்று போனிலும் ஒரே அண்டாதான் முதலில் வந்தது. நானூறு பேருக்கு. உங்களிடமிருந்து பூஜ்யம் கிலோமீட்டர்.

"பூஜ்யம்னா பக்கத்துலதான்" என்றார் மாடக்கண்ணு.

தளவாய்க்கு ஒரு சந்தேகம். "பாக்க நம்ம அண்டா மாதிரியே இருக்குவே. நாலு கோடு கூடப் போட்டிருக்கு."

இசக்கியப்பன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "நம்ம அண்டா இந்தா கிடக்கு. அது போனுக்குள்ள இருக்கு. ஒரு அண்டா ரெண்டு இடத்துல எப்பிடிவே இருக்கும்?"

தளவாய் அண்டாவைத் தொட்டுப் பார்த்தார். போனையும் தொட்டுப் பார்த்தார். சந்தேகம் தீர்ந்தது.

சொர்ணவேல் கீழே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, இதிலும் ஓட்டை இருக்கிறதே என்று தயங்கினார். கமிட்டி அதையும் விவாதித்தது. மூஞ்சி தெரியாத இடத்தில் தன் ஓட்டையைத் தானே சொல்கிறான் ஒருவன். அதுவும் எந்தக் கடுகு போகும், எந்தக் கடுகு போகாது என்று பிரித்துச் சொல்கிறான். சொல்லாதவன் அண்டாவில் எத்தனை ஓட்டை இருக்குமோ யார் கண்டது? சொர்ணவேலுக்கே அந்த எழுத்தைப் படிக்கப் படிக்க மனது நிறைந்தது. இப்படி ஒரு நேர்மையான ஆளை அவர் பார்த்ததில்லை.

மேலச்சடையன்குளத்தில் அம்மன் கோயில் கொடை முடிந்து எலுமிச்சம்பழம் ஏலம் விடும்போது, தனக்கு மேல் ஒருவன் கேட்டால் சும்மா இருப்பது அம்மனுக்கே அவமரியாதை. அந்தப் பழக்கம் மூவருக்கும் விரலில் இருந்தது. ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, ஆளுக்கொரு போனில் விலையை ஏற்றினார்கள். மாடக்கண்ணு ஏற்றினால் தளவாய் போன் சிணுங்கும். தளவாய் ஏற்றினால் இசக்கியப்பன் போன் சிணுங்கும்.

"எவனோ ஒருத்தன் விடாம ஏத்துதான். கையில கிடைச்சா நாலு கேக்கணும்" என்றார் தளவாய்.

"ஒருத்தன் இல்லவே, ரெண்டு பேரு" என்றார் இசக்கியப்பன்.

எண்ணூறு ரூபாயில் ஆரம்பித்தது ஏழாம் நாள் ஆறாயிரத்து நானூறில் நின்றது. கடைசி நிமிஷத்தில் தளவாய் எழுந்து நின்று, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று போனுக்குள் கூவினார். அண்டா மாடக்கண்ணுக்கு விழுந்தது.

அதே நிமிஷத்தில் சொர்ணவேலின் போனும் அடித்தது. அவர்களுடைய ஓட்டை அண்டாவும் விற்றுவிட்டது. அதுவும் ஆறாயிரத்து நானூறு. வாங்கிய விலையும் விற்ற விலையும் ஒன்று என்பதில் கமிட்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

எட்டாம் நாள் பார்சல் வண்டி வந்தது. அண்டாவை ஏற்றிய டிரைவர் சீட்டைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, இது இதே ஊரு முகவரிதான். இப்பமே இறக்கிக் குடுத்துட்டுப் போயிரவா?"

"கூடாது" என்றார் சொர்ணவேல். "நாலு நாள்ல வந்து சேரும்னு எழுதியிருக்கு. இன்னைக்கே போய் நின்னா வாங்குனவரு நம்மளப் பத்தி என்ன நினைப்பாரு?"

வண்டி அண்டாவைத் திருநெல்வேலிக்குக் கொண்டு போயிற்று.

ஒன்பது, பத்து, பதினொன்று. வாங்கிய அண்டா வரவில்லை. பதினோராம் நாள் சமையல்காரி பிச்சம்மாள், பருப்பை எதில் போட, உங்க தலையிலயா என்று கேட்டுவிட்டாள். சொர்ணவேல் சம்பந்தியின் முகத்தை நினைத்தார். பத்து வரை மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். அது மிகச் சின்ன எண்ணாக இருந்தது.

கல்யாணத்தன்று விடிந்ததும் வண்டி வந்தது. பார்சலைப் பிரிக்கும்போது நான்கு பக்கமும் படம் பிடிக்கவும் என்று போட்டிருந்ததால் நால்வரும் போனோடு நின்றார்கள். உள்ளே இருந்த அண்டாவில் நாலு கோடும் நாலு எண்ணும் அழியாமல் இருந்தன. நமக்குச் சிரமம் வைக்காமல் அவரே போட்டு அனுப்பியிருக்கிறார் என்று சொர்ணவேல் நெகிழ்ந்து போனார்.

பிச்சம்மாள் அண்டாவைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றினாள். சொட்டியது. தன் பெட்டியிலிருந்து ஒரு அலுமினிய ஆணியை எடுத்து ஓட்டையில் செருகி, இரண்டு பக்கமும் நசுங்கும்படி இரண்டு அடி அடித்தாள். சொட்டு நின்றது. வெளியே நின்ற சொர்ணவேல் அந்த இரண்டு சத்தத்தையும் கேட்டுவிட்டு, தேங்காய் உடைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பந்தியில் வைகுண்டம் உட்கார்ந்தார். சோறு விழுந்தது. சொர்ணவேல் தூண் மறைவில் நின்று எண்ணினார். ஏழில் சாம்பார் விழுந்தது. சம்பந்தி மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, இலையை மடித்தார். முப்பிடாதியின் கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது.

சாயங்காலம் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தபோதுதான் குறை தெரிந்தது. சின்னக் கடுகு போகவில்லை. பெரிய கடுகும் போகவில்லை.

"ஓட்டை இருக்குன்னு நம்பித்தானவே வாங்கினோம்" என்றார் மாடக்கண்ணு. அவர் குரல் உடைந்தது. "அவ்வளவு நேர்மையா எழுதின மனுசன் இப்பிடிப் பண்ணிட்டாரே."

எழுதியபடி பொருள் இல்லாவிட்டால் ஒரு நாளுக்குள் புகார் செய்யவும் என்றது தளம். சொர்ணவேல் சொல்லச் சொல்ல மாடக்கண்ணு தன் போனில் எழுதினார். "அண்டா கிடைத்தது. ஓட்டை கிடைக்கவில்லை."

அனுப்பியதும் சொர்ணவேலின் போன் அடித்தது. அவர் எடுத்துப் படித்தார். முகம் வெளிறிவிட்டது.

"நம்ம மேல புகார் வந்திருக்குவே. நம்மகிட்ட வாங்கின மனுசனுக்கு ஓட்டை போய்ச் சேரலையாம்."

கமிட்டி இதுவரை யாருக்கும் ஒரு கரண்டி குறைத்துக் கொடுத்ததில்லை. சொர்ணவேலுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. தங்களுக்கு நடந்த அநியாயத்தை மறந்துவிட்டு, விட்டுப்போன ஓட்டையைத் தனியாக அனுப்பி வைக்கிறோம், மன்னிக்கவும் என்று உடனே பதில் போட்டார். அதே மாதிரி ஒரு பதில் தன் போனிலும் வந்ததில் மாடக்கண்ணுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அண்டாவைத் தூக்கும்போது ஓட்டை அங்கேயே விழுந்திருக்கும் என்று பாத்திர அறையில் தேடினார்கள். ஒன்றும் தென்படவில்லை.

"ஓட்டைன்னா அப்பிடித்தான இருக்கும். அதுக்குள்ள ஒண்ணும் இருக்காது" என்றார் இசக்கியப்பன்.

அண்டா இருந்த இடத்தைப் பெருக்கினார்கள். குப்பையைத் தள்ளிவிட்டு, மிச்சம் இருந்ததை ஒரு மிட்டாய் டப்பாவில் கவனமாகப் போட்டு ஒட்டி, வண்டியில் ஏற்றினார்கள்.

நாலாம் நாள் மாடக்கண்ணுக்கு ஒரு மிட்டாய் டப்பா வந்தது. வழியில் எலி கடித்து, மூலையில் ஓர் ஓட்டை. தளவாய் கடுகு போட்டுப் பார்த்தார். சின்னது போயிற்று. பெரியது போயிற்று. சுண்டைக்காய் போயிற்று.

"வாக்குத் தவறாத மனுசன்" என்று மாடக்கண்ணு ஐந்து நட்சத்திரம் போட்டார்.

சொர்ணவேல் மட்டும் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கணக்கில் தவறாதவர்.

"நம்ம வாங்கினது கடுகளவுதான்" என்றார். "அதுக்கு மேல உள்ளத வெட்டி எடுத்து அவருக்கே திருப்பி அனுப்பணும்."

இசக்கியப்பன் கத்தரிக்கோல் எடுக்க வீட்டுக்குப் போனார்.