பின்வாசல் மாணிக்கம்

கரும்பனூரை ஆண்ட சுந்தரவளவனுக்குப் பகைவர் பயம் கிடையாது. விருந்தாளிகள் பயம்தான். அதிலும் மலைநாட்டு அரசி நீலவேணி வருகிறாள் என்று ஓலை வந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

போன முறை வந்தபோது அந்த அம்மாள், நம் ராணி தேவயானையின் கழுத்தைப் பார்த்து, "இதே ஆரத்தைத்தானே அப்போதும் போட்டிருந்தீர்கள்? பழசை நன்றாகவே காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள்" என்று புன்னகையோடு சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் மன்னர் தனியாகத்தான் சாப்பிட்டார்.

இப்போது மறுபடியும் ஓலை. ஐந்து நாளில் வருகிறாள்.

"இதுவரை எந்த அரசியும் போடாத நகை ஒன்று வேண்டும்" என்றார் மன்னர் சபையில்.

நகைப் பட்டறையின் அதிகாரி ஏகாம்பரம் எழுந்தார். அவருக்கு மன்னரின் நகைச்சுவை மந்திரி மருதவாணனைக் கண்டால் ஆகாது. அவருடைய பத்து விரல் மோதிரங்களைப் பார்த்து மருதவாணன் ஒருநாள், "ஐயா, சாப்பிடுவது எந்த விரலால்?" என்று கேட்டிருந்தான்.

"மன்னா, பொன், மணி, முத்து மூன்றையும் எல்லா அரசிகளும் போட்டுப் பார்த்துவிட்டார்கள். இவை மூன்றும் இல்லாமல் ஒரு நகை செய்தால்தான் அது புதுசு. அந்த அளவுக்கு மூளை இங்கே மருதவாணருக்கு மட்டும்தான் உண்டு" என்றார்.

மன்னருக்கு யோசனை பிடித்துவிட்டது. "மருதவாணா, ஐந்து நாள். முடியாவிட்டால் ஊரைக் காலி செய்."

"செய்கிறேன் மன்னா. அரண்மனையில் தங்களுக்கு வேண்டாததை மட்டும் நான் எடுத்துக்கொள்ளலாமா?"

"வேண்டாதது உனக்கு எதற்கு? எடுத்துக்கொள்."

மருதவாணன் நேராகச் சமையற்கட்டின் பின்வாசலுக்குப் போனான். சாமான் வந்த பெட்டியும் மட்டையும் சாடியும் அங்கேதான் மலையாகக் குவிந்து கிடக்கும். அதை அள்ளிக் கொட்டும் வேலை வடிவுக்கு. அவள் காதில் சிவப்பாக ஒன்று மினுங்குவதை அவன் பலமுறை பார்த்திருக்கிறான்.

"அது என்ன கல் வடிவு?"

"கல்லா? பன்னீர்ச் சாடி வாயை அரக்கு வச்சு மூடியிருப்பாங்கல்ல, அந்த அரக்குங்க. தணல்ல காட்டி உருட்டி, எண்ணெய்த் துணியால தேய்ச்சேன்."

"ராணிக்கு ஓர் ஆரம் செய்து தருவாயா?"

வடிவு கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். "உங்க பிழைப்பு போறது பத்தாதா சாமி? என் பிழைப்பும் போகணுமா?"

"யார் கேட்டாலும் நான்தான் செய்யச் சொன்னேன் என்பேன். யார் பாராட்டினாலும் நீதான் செய்தாய் என்பேன்."

வடிவு அவனை மேலும் கீழும் பார்த்தாள். அரண்மனையில் இப்படிப் பேசுகிற ஆளை அவள் கண்டதில்லை. "சரி, அந்த மட்டையை எல்லாம் கழுவிக் கொண்டாங்க" என்றாள்.

நான்கு நாள் மந்திரி மட்டை கழுவினான். வெல்லம் பொதிந்து வந்த பாக்கு மட்டையை வடிவு இதழ் இதழாக வெட்டினாள். கற்கண்டு வந்த ஓலைப்பெட்டியைப் பிரித்து, மஞ்சளில் தோய்த்து, பொன் குழல்போலச் சுருட்டினாள். நடுவே அரக்கு மணிகள். எல்லாவற்றையும் பூக்கட்டு வந்த வாழைநாரில் கோத்தாள்.

ஐந்தாம் நாள் காலை, எதில் செய்தது என்று சொல்லாமலே மருதவாணன் ஆரத்தை ராணியிடம் கொடுத்தான். அன்றே நீலவேணி வந்தாள். உட்கார்ந்தாள். தேவயானையின் கழுத்தைப் பார்த்தாள். கொடுத்த பானகம் கையிலேயே இருந்தது.

"இது யார் செய்தது?" என்றாள் கடைசியில்.

மருதவாணன் வாய் திறப்பதற்குள் ஏகாம்பரம் முன்னே வந்துவிட்டார். "அடியேனுடைய பட்டறை வேலை, தாயே."

"இந்தச் சிவப்புக் கல்?"

"கடல் கடந்து வந்தது. ஒவ்வொன்றையும் என் கையாலேயே பொறுக்கி எடுத்தேன்."

மன்னர் மந்திரியின் காதருகே குனிந்தார். "ஏன் சும்மா இருக்கிறாய்?"

"அவர் முடிக்கட்டும் மன்னா."

நீலவேணி சொன்னாள்: "அப்படியானால் எனக்கும் ஒன்று வேண்டும். இப்போதே, என் கண் முன்னால் செய்யுங்கள்."

ஏகாம்பரம் மெல்லப் பின்னால் நகரப் பார்த்தார். மருதவாணன் வாசலைப் பார்த்துத் தலையசைத்தான். வடிவு ஒரு கூடையைக் கொண்டுவந்து அவர் முன்னால் பணிவாகக் கவிழ்த்தாள். உடைந்த அரக்கு, பாக்கு மட்டை, ஓலைப்பெட்டி. ஒரு மட்டை அவர் பட்டு வேட்டியில் வெல்லத்தோடு ஒட்டிக்கொண்டது.

"என்ன இது? சபையில் குப்பையைக் கொட்டுகிறாயே" என்று சீறினார் ஏகாம்பரம்.

"தாங்கள் பொறுக்கி எடுத்த கற்கள்தான் ஐயா" என்றான் மருதவாணன்.

மன்னர் எழுந்தார். "என் ராணி கழுத்தில் குப்பையா?"

"மன்னா, தங்களுக்கு வேண்டாததை எடுத்துக்கொள்ளத் தாங்கள்தான் அனுமதி தந்தீர்கள். இதில் பொன் இல்லை, மணி இல்லை, முத்து இல்லை. எந்த அரசியும் போட்டதில்லை. செய்தவள் வடிவு. ஐயாவுக்கும் இது ராணி கழுத்தில் இருந்தவரை சொந்த வேலையாகத்தான் இருந்தது. தன் வேட்டியில் ஒட்டிய பிறகுதான் குப்பை."

மன்னர் ராணியைத் திரும்பிப் பார்த்தார். தேவயானை ஆரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். "கழற்றமாட்டேன். விருந்தாளி இன்னும் பானகத்தைக் குடிக்கவில்லை, கவனித்தீர்களா?"

நீலவேணியோ அதற்குள் தரையில் வடிவு பக்கத்தில் உட்கார்ந்து, அரக்கு உருட்டுவது எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மன்னருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வடிவை அன்றே பட்டறைக்குத் தலைவி ஆக்கினார். மருதவாணனுக்குத் தன் தோளிலிருந்த பட்டைப் போர்த்தினார்.

"சரி, ஏகாம்பரத்தை என்ன செய்வது? ஊரைவிட்டு அனுப்பிவிடலாமா?"

"வேண்டாம் மன்னா. ஒவ்வொன்றையும் தன் கையாலேயே பொறுக்கி எடுப்பதாக ஐயா சபையில் சொல்லியிருக்கிறார். நாளைக் காலையில் பின்வாசலுக்கு வரச் சொல்லுங்கள். வடிவு பார்த்த வேலை காலியாக இருக்கிறது."

வடிவு தலை நிமிராமலே சொன்னாள்: "வரும்போது மோதிரத்தைக் கழட்டி வச்சுட்டு வரச் சொல்லுங்க. நெய்ச் சாடிப் பிசுக்கு லேசுல போகாது."